புள்ளி

அட்டை செத்துப் பதினொரு நாள்.
உயிரோடிருப்பது அதன் ரசீது மட்டும்.
மூன்றாக மடித்த ஒற்றைத் தாள்,
செத்த அட்டையோடு சேர்த்துக் காட்டினால்
இன்னும் நாற்பத்தெட்டு மாதம்
நான் அந்த ஊர்க்காரிதான் என்கிறது.

தேனப்பன் கல்யாணத்துக்குத் தனியாக வந்திருக்கிறேன்.
ரமோனுக்கு ஆஸ்பத்திரி லேபில் இராப்பணி, லீவு இல்லை.
உண்மைதான்.
முழு உண்மை இல்லை என்பது
பள்ளத்தூரில் எல்லாருக்கும் தெரியும்.

அங்கே கேட்பார்கள்.
பணம் ஒரே கணக்கிலா, கரண்ட் பில் யார் பேரில்,
கட்டிலில் சுவர்ப்பக்கம் யார்,
கடைசியாக எதற்குச் சண்டை போட்டீர்கள்.
கேட்குமுன்னே நூற்றுப் பன்னிரண்டு பக்கம் அனுப்பிவிட்டோம்.
வாடகைப் பத்திரம், கார் இன்சூரன்ஸ், பல் டாக்டர் பில்,
பனி தள்ளும் மண்வெட்டியோடு இரண்டு பேரும்
இளித்துக்கொண்டு நிற்கிற படம்.

இங்கே யாரும் கேட்கவில்லை.
பந்தியில் வெள்ளைப் பணியாரத்துக்கு நடுவே
சிட்டாள் அயித்தை புடவை விலை கேட்டாள்.
விமானத்தில் என்ன சாப்பாடு என்றாள்.
டொலீடோவில் அவ்வளவு குளிராமே என்றாள்.
அந்தக் குளிரில் பக்கத்தில் யார் என்று
கேட்கவில்லை. இன்னொரு பணியாரம் வைத்தாள்.

வளவில் பாய் விரித்து இசைகுடிமானம் எழுதினார்கள்.
ரெண்டு ஊர், ரெண்டு கோயில், தேதி,
ரெண்டு அப்பச்சிமார் கையெழுத்து.
இனித் தேனப்பன் ஒரு புள்ளி.
கோயில் கணக்கில் ஏறுவான், வரி கட்டுவான்.
நாங்கள் எந்தக் கோயிலிலும் ஏறவில்லை.
நெப்ராஸ்காவிலோ டெக்ஸஸிலோ ஒரு பெட்டிக்குள்
முறை வரக் கிடக்கிறோம்.

நிபந்தனையை நீக்கக் கோரும் மனு
என்று படிவத்தின் தலையில் பார்த்த அன்று
எனக்கு ஒண்ணாம் வகுப்பு ஞாபகம் வந்தது.
தலையில் புள்ளி இருக்கும்வரை
மெய்க்கு அரை மாத்திரைதான்.
புள்ளியை அழித்தால் உயிர் ஏறிவிடும்.
ரமோனிடம் சொன்னேன், விளங்கவில்லை.
க் என்று சொல்லிப் பார்த்தான்.
விக்கல் மாதிரி வந்தது.
நன்றாகச் சண்டை போட்டிருந்த வாரம் அது,
ஆனாலும் சிரித்துவிட்டோம்.
அதை நூற்றுப் பதின்மூன்றாம் பக்கமாக
வைக்க வழியில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை
அப்பச்சி கையை நீட்டினார்.
"அந்தக் கடுதாசியக் கொடு."
மூணு வருஷத்தில் என்னிடம் நேராகச் சொன்னது இதுதான்.
முப்பது வருஷம் பைனான்ஸ் கணக்குப் பார்த்தவர்.
பூதக்கண்ணாடியை வைத்து
எண், தேதி, எழுத்தெழுத்தாக என் பேர்,
பின்பக்கம் ஒன்றும் இல்லை என்பதையும் படித்தார்.

"இது ரசீது. தீர்ப்பில்ல."
"ஆமா அப்பச்சி."
"நடுவுல கூப்பிட்டா?"
"போகணும்."
"ஒத்தையாவா?"
"ரெண்டு பேரும்."
இருந்த மடிப்பிலேயே மடித்தார்.
"அவரு நேரத்துக்கு வந்துருவாரா?"

அவரு.

எந்த அதிகாரி கேட்டிருந்தாலும்
இவ்வளவு நேரம் எடுத்திருக்க மாட்டேன்.
"வருவாரு" என்றேன்.
அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

வெயிலில் காரைக்குடி போய்
ஏழு பிரதி எடுத்து வந்தார்.
ஒன்றை மட்டும் லேமினேட் பண்ணியிருந்தார்.
"அசலத் தொடல. ஒட்டுனா செல்லாது."

திருச்சி விமான நிலையத்தில் கவுண்டர் பையன்
அட்டையை வளைத்துப் பார்க்கிறான்.
"மேடம், இது முடிஞ்சு போச்சே."
கடிதத்தை விரித்து வைக்கிறேன்.
வாயசைத்துப் படித்துவிட்டு யாருக்கோ போன் போடுகிறான்.
"கொஞ்சம் ஓரமா நில்லுங்க."

ஓரமாக நிற்கிறேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அப்பச்சி இன்னும் போகவில்லை.
ஒரு கை முழுசாக, மறு கையில் இரண்டு விரல்
தூக்கிக் காட்டுகிறார்.
ஏழு இருக்கு.